நீ போனில் கேட்ட கேள்விகள்

இன்றைக்கும் சுக்குக் காப்பிதான் கொடுத்தார்கள். எருமப்பட்டிப் பக்கம் குழந்தைவேலு அண்ணனின் கோழிப்பண்ணை. செத்த கோழிகளை அறுத்துப் பார்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஆபீஸ் ரூம் வாசல் திட்டில் வந்து உட்கார்ந்தேன். டம்ளர் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிட்டது. எனக்குச் சுக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். ஹாஸ்டலில் நீ சுக்குத் தட்டிப் போட்டுக் காப்பி வைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடியவள் நான். ஆனால் நீ சுற்றி வந்த லைனில் இருக்கிற அத்தனை பண்ணையிலும் டாக்டரம்மா வந்தால் சுக்குக் காப்பி என்று ஆகிவிட்டிருக்கிறது. "மேடத்துக்குச் சுக்கு கொஞ்சம் தூக்கலா இருந்தாத்தானுங்க புடிக்கும்" என்று சொல்லியே கொடுக்கிறார்கள். எந்த மேடத்துக்கு என்று நான் கேட்பதில்லை. நீ போய் வருஷம் திரும்பப்போகிறது. இன்னும் உன் நாக்குக்குத்தான் காப்பி போடுகிறார்கள், நான் அதைக் குடிக்கிறேன்.

இன்று அந்தக் காப்பியோடு ஒரு பேச்சும் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அழுது எழுதுகிற கடிதம் இல்லை. உன்மேல் எனக்கு இருந்த பொறாமை நீ போன பிறகும் போகவில்லை, இன்னும் கொழுத்துத்தான் போயிருக்கிறது. நீ இருந்தபோதாவது எப்போதாவது ஒரு தப்புச் செய்வாய், யாராவது ஒரு பண்ணைக்காரர் உன்னைத் திட்டுவார், எனக்குக் கொஞ்சம் மனசு குளிரும். இப்போது அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய்.

காலேஜில் சேர்ந்த அன்றே ஆரம்பித்தது இது. நீ திருச்செங்கோட்டுக்காரி. உன் அப்பா ரிக் லாரி வைத்து ஊர் ஊராகப் போர்க் கிணறு போட்டவர். டிரைவர்களோடு கத்திப் பேசியே வளர்ந்த உனக்கு மெதுவாகப் பேசவே வராது. நான் ஆத்தூர்ப் பக்கம். என் அப்பா சேகோ பேக்டரியில் ஜவ்வரிசி காயப்போடுகிற வேலையில் இருந்தார். டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள், "மாட்டு டாக்டர்தானே" என்று இழுத்தார்கள். வகுப்பில் புரொபசர் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியும், வாய் வராது. உனக்குப் பாதிதான் தெரியும், எழுந்து நின்று முழுசாகச் சொல்லிவிடுவாய். தப்பென்றால், "அப்பிடீங்களா சார், செரிங்க" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவாய். வகுப்பு சிரிக்கும், புரொபசரும் சிரிப்பார், எனக்கு வயிறு எரியும். மார்க் என்னவோ எனக்குத்தான் அதிகம் வந்தது. ஆனால் வராந்தாவில் எதிரே வந்தால் புரொபசர் நலம் விசாரிப்பது உன்னைத்தான்.

பிறகு இரண்டு பேருக்கும் நாமக்கல்லில் ஒரே இடத்தில் வேலை கிடைத்தது. கோழிப்பண்ணைகளுக்கு ஆலோசனை சொல்கிற சென்டர். அதை நடத்துகிற சார் நம் இருவரையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிட்டார். நீ பீல்டு, நான் லேப். கோழி செத்தாலோ முட்டை குறைந்தாலோ நீ பண்ணைக்குப் போவாய், தீவன மூட்டையைப் பிரித்துக் கோழியை அறுத்துப் பார்ப்பாய், என்ன நோய் என்று நின்ற இடத்தில் சொல்வாய். நான் பின்பக்கத்து ரூமில் நீ அனுப்புகிற ரத்தத்தையும் குடலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உனக்கு ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு மாமா, ஓர் அத்தை, ஓர் அண்ணன். ஒரு சொல்லுக்கு ஒரு 'ங்க' போட்டு நீ பேசினால் பிடிவாதக்கார ஆளும் இறங்கி வந்துவிடுவார். நான் எப்போதாவது வெளியே போனால், நாலு வார்த்தை பேசியதுமே, "மேடம் எந்த ஊருங்க?" என்பார்கள். ஆத்தூர் என்றால், "ஓ, அந்தப் பக்கமுங்களா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்புறம் அந்தப் போன். நான் மும்முரமாக வேலையில் இருக்கும்போதுதான் கூப்பிடுவாய்.

"ஏ புள்ள, கிட்னி ரெண்டும் ஊதி வெள்ளையா மாவு பூசுனாப்புல இருக்குது. ஹார்ட்டு மேலயும் அப்பிடியேதான். இன்னும் முட்டைக்கு வராத கோழிக. நீயா இருந்தா என்ன சொல்லுவே?"

"பெரிய கோழிக்கு வெச்சிருக்கற தீவனத்தை மாத்திக் கொட்டியிருப்பாங்க. அதுல சுண்ணாம்பு ஜாஸ்தி. சின்னதுங்களுக்கு கிட்னி தாங்காது. போய்த் தீவன ரூமைப் பாரு."

"அட!" என்பாய்.

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்குக் கேக்குற?" என்று எரிந்து விழுவேன். நீ சிரிப்பாய். உன் சிரிப்பு முடிவதற்குள் நான் போனை வைத்துவிடுவேன்.

எனக்கு அது வைவா பரீட்சையாகத்தான் பட்டது. உனக்குத் தெரிந்ததை என்னிடம் கேட்டு, லேபில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு விஷயம் இருக்கிறதா என்று ஆழம் பார்க்கிறாய் என்று நினைத்தேன். சாயங்காலம் சார் வந்து, "தீவனம் மாறுனதை எப்படிப் பிடிச்சிருக்கு பாருங்க அந்தப் பொண்ணு" என்று உன்னைப் புகழ்வார். நானும் அதையேதான் சொன்னேன் என்று வாய் வரை வரும். சொன்னால் பொறாமை என்று வெட்டவெளிச்சமாகிவிடும். பரவாயில்லை, இன்றைக்குப் பரீட்சையில் பாஸ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறுவேன். வேறு மாதிரி யோசிக்கவே எனக்குத் தோன்றவில்லை. நான் ஏதோ அதிர்ஷ்டத்தில் மார்க் வாங்கி, அதிர்ஷ்டத்தில் இந்த வேலைக்கு வந்துவிட்டவள், என்றைக்காவது ஒருநாள் சாயம் வெளுத்துவிடும், அதை வெளுக்க வைக்கப்போகிறவள் நீதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் காலையில் தலைவலி என்றாய். மத்தியானம் சேலத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மறுநாள் உன் அப்பா வீட்டு வாசலில் படுத்திருந்தாய். தெரு முனை வரை முட்டை வண்டிகள் நின்றன. பண்ணைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், ரிக் லாரி டிரைவர்கள், மருந்து கம்பெனிப் பையன்கள். எங்கே பார்த்தாலும் ஆள். நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். நிஜமாகத்தான் அழுதேன். அழுதுகொண்டே வாசலைப் பார்த்தேன், எனக்கு இதில் பாதிக் கூட்டமாவது வருமா என்று நினைத்தேன். யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்வதற்கு என்ன.

காரியம் முடிந்த கையோடு சார் உன் லைனை எனக்குக் கொடுத்தார். லேபில் என் நாற்காலிக்குத் தேன்மொழி என்று ஒரு பெண் வந்தாள். மெடல் வாங்கின பெண். படபடவென்று வேலை செய்வாள், புதிதாக வருகிற எல்லாவற்றையும் படித்து வைத்திருப்பாள். அவள் ஏதாவது கேட்க வந்தால் நான் கையிலிருக்கிற பேப்பரைப் புரட்ட ஆரம்பிப்பேன். இவளுக்குப் பதில் தெரியும், தெரிந்துகொண்டே கேட்கிறாள் என்று தோன்றும். "அப்புறம் பாக்கலாம்மா" என்று அனுப்பிவிடுவேன். நான் அவளிடம் ஒன்றும் கேட்டதே இல்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே.

பண்ணைகளில் உன் பேச்சுதான். நான் கோழியை அறுத்து, சாம்பிள் எடுத்து, ரிசல்ட் வரட்டும் என்றால், "அந்த மேடமா இருந்தா நின்ன எடத்துலயே சொல்லிப்போடுவாங்க" என்பார்கள். என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவர்களுக்கு என்மேல் கோபம் கிடையாது, மழை பெய்யவில்லையே என்று சொல்கிற மாதிரி அதையும் சொல்வார்கள்.

குழந்தைவேலு அண்ணன் பண்ணையில் ஒரு ஷெட்டில் மட்டும் முட்டை இறங்கிக்கொண்டே இருந்தது. கோழி பெரிதாகச் சாகவில்லை. போன வாரம் போய் ரத்தம் எடுத்து வந்தேன். தேன்மொழி எல்லா டெஸ்டும் போட்டாள். எல்லாம் சுத்தம். அதற்குள் அவர் சாருக்குப் போன் போட்டுவிட்டார். இன்று காலை சார் என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ரொம்பப் பரிவாகப் பேசினார்.

"இன்னைக்கு என்னன்னு சொல்லிட்டு வாங்க மேடம். முடியலேன்னா பரவால்ல, உங்க மேல தப்பில்ல. பழையபடி லேபுக்கே வந்துருங்க. லைனுக்கு வேற ஆள் பாத்துக்கலாம்."

லேபுக்குத் திரும்பினால் எனக்குச் சுகம்தான். ஏசி ரூம், வெயில் கிடையாது, உன் பேச்சைக் கேட்க வேண்டாம். ஆனால் இத்தனை வருஷமாக எனக்குள் நான் சொல்லிக்கொண்டு வந்தது இருக்கிறதே, நான் இதற்கு லாயக்கில்லாதவள் என்று, அதற்குச் சாரே முத்திரை குத்தினது போல ஆகிவிடும். அப்புறம் நான் எந்த வேலையிலும் நிமிர்ந்து உட்கார மாட்டேன். இது எனக்கு ஸ்கூட்டியில் போகிற வழியெல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

இன்று செத்திருந்த கோழிகளை வாங்கி அறுத்தேன். ஈரல் நன்றாக இருந்தது. கிட்னி, குடல், முட்டைப்பை, எல்லாம் நன்றாக இருந்தது. என் ஆயுசில் நோய் இல்லாத கோழியைப் பார்த்து இவ்வளவு வருத்தப்பட்டது கிடையாது. குழந்தைவேலு அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னங்க மேடம்?" என்றார். கை கழுவிட்டு வர்றேன் என்று நழுவினேன். அப்போதுதான் அவர் வீட்டுக்காரம்மா, சரசு அக்கா, அந்தக் காப்பியைக் கொண்டுவந்தார்.

டம்ளரைக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "ஏனுங்க மேடம், உங்க கொரலு எங்கியோ கேட்ட கொரலாட்ட இருக்குதேன்னு போன தடவையே நெனச்சனுங்க. முன்ன லேப்புல இருந்த மேடம் நீங்கதானுங்களே? போன்ல பேசுவீங்களே?"

"எந்தப் போன்ல?"

"அந்த மேடம் கோழியப் பாத்துப்போட்டு உங்களுக்குத்தானுங்க போன் போடுவாங்க. கை ரத்தமா இருக்குமில்லீங்க, என்னய அமுத்தச் சொல்லுவாங்க. ஸ்பீக்கர்ல போட்டு இந்தத் திட்டு மேலதான் வெப்போம். நீங்க ஒரே கோவமாப் பேசுவீங்க. பேசி முடிக்கறதுக்குள்ள வெச்சுப்போடுவீங்க." அவர் சிரித்தார். "நீங்க வெச்ச பொறகு, 'பாத்தீங்களாக்கா, எனக்குப் புடிபடல, அவ இருந்த எடத்துல இருந்தே சொல்லிப்போட்டா'ம்பாங்க. அதயேதான் எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க."

என் பின்னாலேயே வந்து நின்ற குழந்தைவேலு அண்ணன் வாயைப் பிளந்தார். "அட, அது நீங்கதானுங்களா? அப்பறம் ஏனுங்க இத்தன நாளா ஒண்ணுஞ் சொல்லாம இருக்கறீங்க?"

அந்தக் காப்பி ஆறுவதற்குள் என் மனசு பட்ட பாட்டை எழுதுகிறேன். முதலில் தலைகால் புரியாத சந்தோஷம். அத்தனையும் நான் சொன்னதா! உன் பேர், உன் கைராசி, சார் புகழ்ந்த புகழ், எல்லாம் என் வாயிலிருந்து போனதா! இத்தனை வருஷம் என் பதிலைப் பார்த்தே நான் வயிறெரிந்துகொண்டு கிடந்தேனா! ஒரு நிமிஷம் உன்னை ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். பாதிக் காப்பியை அந்தச் சந்தோஷத்தில் மூக்கைப் பொத்தாமல் குடித்துவிட்டேன்.

மீதிப் பாதியில் பழைய எரிச்சல் திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. நீ ஒளித்துச் செய்யவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் போய்க் குசுகுசுவென்று கேட்கவில்லை. பண்ணைக்காரர் எதிரில், அவர் மனைவியை விட்டே பட்டனை அமுத்தச் சொல்லி, ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறாய். அப்படிச் சொல்லியும் உன்னைத்தான் நம்பினார்கள். சொன்னதால்தான் நம்பினார்களோ என்னவோ. நான் பதிலை மடியில் கட்டிக்கொண்டு பயந்து செத்தேன், நீ கேள்வியை வைத்துக்கொண்டு ராணி மாதிரி நடந்தாய். உன் அறிவைப் பார்த்துப் பொறாமைப்பட்டது தப்பு. தெரியாது என்று சொல்ல உனக்கு ஒரு வாய் இருந்ததே, அதைப் பார்த்தல்லவா பட்டிருக்க வேண்டும். இப்போது சேர்த்துவைத்துப் படுகிறேன்.

டம்ளரைக் கீழே வைத்தேன். "அக்கா, எனக்கும் பிடிபடல. ஒரு போன் போட்டுக்கறேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. அந்தத் திட்டின் மேல் போனை வைத்துத் தேன்மொழியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். ஷெட்டில் பார்த்தது, அறுத்தபோது பார்த்தது, எல்லாம் சொன்னேன். "நீயா இருந்தா என்னம்மா சொல்லுவ?" என்று கேட்டேன்.

அவள் மெதுவாக, "மேடம், டெஸ்ட் பண்றீங்களா?" என்றாள்.

அச்சு அசலாக நான்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"இல்லம்மா" என்றேன். "எனக்குத் தெரியல. தெரியாமத்தான் கேக்கறேன்."

குழந்தைவேலு அண்ணன் என்னைப் பார்த்தார். பூமி ஒன்றும் பிளந்துவிடவில்லை. சரசு அக்கா முந்தானையால் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தேன்மொழி, "எல்லா வரிசையிலயும் முட்டை குறைஞ்சிருக்கா மேடம், இல்ல ஏதாவது ஒரு பக்கம் மட்டுமா?" என்றாள்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. அவர்கள் ஷெட்டு மொத்தத்துக்கும்தான் முட்டை எண்ணுவார்கள். எந்தக் கூண்டில் எத்தனை என்று பார்க்கிற பழக்கம் எந்தப் பண்ணையிலும் கிடையாது, எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டே ஷெட்டுக்குள் நடந்தோம். முன்பக்கமெல்லாம் கூண்டுக்கு முன்னால் முட்டை உருண்டு நின்றது. ஷெட்டின் கடைசிக்குப் போகப் போகக் குறைந்தது. கடைக்கோடியில் வெறும் கம்பிதான் இருந்தது. கோழிகள் அலகைத் திறந்துகொண்டு நின்றன. கூண்டுகளுக்கு மேல் ஓடுகிற தண்ணீர்க் குழாயில் கோழி முட்டிக் குடிக்கிற நிப்பிளை விரலால் அமுத்தினேன். ஒரு சொட்டு எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. அடுத்ததை அமுத்தினேன். அதில் விரல் நனைகிற அளவுக்குக் கசிந்ததோடு சரி.

"தண்ணி சரியா வரல தேன்மொழி" என்றேன்.

"அப்படின்னா லைன் அடைச்சிருக்கும் மேடம்" என்று அவள் கத்தினாள். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். குழந்தைவேலு அண்ணன் குழாயின் கடைசி மூடியைத் திருகி எடுத்தார். போர்த் தண்ணீரின் உப்பு கெட்டியாகப் படிந்து பாசியோடு பிதுங்கி வந்தது. "அட சாமி, தவிச்ச வாயோட நின்னிருக்குதுகளே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "அந்தப் போன்ல பேசுன மேடம் யாருங்க? நம்ம பக்கத்துப் பொண்ணுங்களா?" என்று விசாரித்தார். நான் எந்தப் பக்கம் இருந்தாலும், பேர் வாங்குகிறவள் எப்போதும் போனின் மறுபக்கம் இருக்கிறவள்தான் போல. அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிந்தது, மறைப்பானேன்.

சார் சாயங்காலம் கூப்பிட்டார். பண்ணைக்காரர் பேசியிருப்பார் போலிருக்கிறது. லேப் பேச்சே எடுக்கவில்லை. "நாளைக்கு மோகனூர்ப் பக்கம் ரெண்டு பண்ணை இருக்கு மேடம், பாத்துட்டு வந்துருங்க" என்றார். சரி என்றேன்.

நான் சென்டருக்குத் திரும்பும்போது எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். தேன்மொழி மட்டும் பையை மாட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். "நிஜமாவே தெரியாமத்தான் கேட்டீங்களா மேடம்?" என்றாள்.

"ஆமா. சத்தியமா."

"அப்பாடா" என்று நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு நீங்க கண்டுபிடிச்சுருவீங்களோன்னு டெய்லி பயந்துக்கிட்டே வருவேன் மேடம். காலைல பஸ்ல வயித்த வலிக்கும்." சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் பஸ்ஸில் வயிறு வலித்ததை அவளிடம் சொன்னேன்.

ஏண்டி, தெரியாமல்தான் கேட்கிறேன் என்று நீ என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? சரசு அக்காவிடம் சொன்னாய், திட்டு மேல் வைத்த போனுக்கு முன்னால் ஊர் உலகத்துக்கே சொன்னாய். நான் முந்திக்கொண்டு போனை வைத்துவிட்டேன் என்றால் நீ மறுபடி கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லியிருந்தால் உன்மேல் பொறாமைப்பட்டிருக்க மாட்டேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன், பட்டிருப்பேன். ஆனால் கூடவே நாலு நாள் நிமிர்ந்தும் நடந்திருப்பேன்.

உன் லைன் என்னிடம் இருக்கிறது. நீ கேட்கிற கேள்வியும் இன்றிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. குரலும் கூட்டமும் கைராசியும் உன்னோடு போகட்டும், அதிலெல்லாம் நீதான் மேலே. ஆனால் நீ கடைசி வரை எனக்குச் சொல்லாமல் போன ஒன்றை, நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். இதில் உன்னை முந்திவிட்டேன். முடிந்தால் வந்து பொறாமைப்படுடி.